கிரைண்டருக்குள் விழுந்த சீட்டுகள்

2023 மார்ச் 6, திங்கட்கிழமை, காலை ஆறரை மணி. தூத்துக்குடி போல்பேட்டையில் ஒரு வாடகை வீட்டில், இருபத்து நான்கு சீட்டுகளையும் ஒரு கிண்ணம் மைதாப் பசையையும் வைத்துக்கொண்டு, ஜெபக்கனி என்கிற நர்ஸ் வீட்டுச் சாமான்கள்மீது ஜெர்மன் வினைச்சொற்களை ஒட்டத் தொடங்கினாள்.

எல்லாம் இறந்தகால வினைச்சொற்கள். மேலே சிவப்பு மையில் ஜெர்மன், கீழே நீல மையில் தமிழ். அடுப்புக்குமேல் 'கொக்ட', சமைத்தேன். கட்டிலின் தலைமாட்டில் 'ஷ்லீஃப்', தூங்கினேன். பிரிட்ஜில் 'ட்ராங்க்', குடித்தேன். வாசல் கதவில் 'கிங்', போனேன். பீரோவில் 'ஹட்ட', வைத்திருந்தேன். கிரைண்டரில் 'மால்ட', அரைத்தேன். 'வார்' என்கிற சின்னச் சொல்லுக்குப் பொருத்தமான சாமான் எதுவும் அகப்படவில்லை. இருந்தது என்பது அதன் பொருள். எல்லாம்தானே இருந்தது? கடைசியில் அதை முன்னறைச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

வேலை நடக்கிற இடத்தில் சொல்லை ஒட்டு, வேலை முடிந்ததும் தொட்டுச் சொல் என்று வகுப்பு எடுக்கும் கிளாடிஸ் மிஸ் சொல்லியிருந்தார். காரணம் இருந்தது. பிப்ரவரியில் எழுதிய ஜெர்மன் தேர்வின் பேச்சுப் பகுதியில், போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். சமைக்கிறேன், துவைக்கிறேன், தூங்குகிறேன் என்றாள் ஜெபக்கனி. எல்லாம் இப்போதேவா என்று தேர்வாளர் அம்மாள் சிரித்தார். ஜெபக்கனியும் சிரித்தாள். மதிப்பெண் வரவில்லை.

மறுதேர்வு மே 27. தேறினால் அடுத்த வகுப்புகளுக்கும் பயணத்துக்கும் ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லம் ஏற்பாடு செய்யும். தேறாவிட்டால் அவளுக்கென்று வைத்திருக்கும் இடம் வேறொரு நர்ஸுக்குப் போகும். முதலில் ஜெபக்கனி போவது, பிறகு அவள் கணவன் ஆசீர் அவளிடம் போய்ச் சேர்வது. நாலு வருடமாக இருவரும் பேசிவைத்திருந்தது இது.

ஆசீர் புகைந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். அன்று காலை சமையலறைக்குள் வந்து தேடினான்.

"ஏ ஜெபா, மைதா டப்பாவக் காணும்."

"பசை காச்சிட்டேன்."

"சாயங்காலம் பரோட்டான்னு சொன்ன?"

"மொதல்ல ஜெர்மனி. பொறவு பரோட்டா."

"செலோ டேப்பு ஒட்டலாம்லா?"

"பெயிண்டு உரியும். வீட்டுக்காரர் சத்தம் போடுவாரு. பசைன்னா தண்ணி தொட்டு எடுத்துறலாம்."

அவன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். "கண்ட எடத்துல எல்லாம் ஒட்டுத. எம் முதுகுலயும் ஒண்ணு ஒட்டிட்டுப் போ."

"உங்களுக்கு இந்தப் பாடத்துல எடம் இல்ல. நீங்க அடுத்த பாடம். வருங்காலம்."

ஆசீர் சிரித்தான். அதிகம் சிரிக்கவில்லை.

எட்டு மணிக்கு இருவரும் கிளம்பினார்கள். கதவு பூட்டப்பட்டது. வெயில் ஏறியது. அந்த வீட்டில் சாமான்கள் பேசிக்கொள்வது பகலில்தான்.

முதலில் வாயைத் திறந்தது பிரிட்ஜ். அதற்குப் பயந்த சுபாவம். மின்சாரம் ஏறி இறங்கும்போதெல்லாம் உடம்பு உதறும்.

"சுவர் அண்ணாச்சி, எம்மேல என்ன ஒட்டிருக்கு? கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க."

முன்னறைச் சுவர்தான் அந்த வீட்டின் செய்தித்தாள். அதன் இன்னொரு முகம் தெருவைப் பார்த்தது. முப்பது வருடமாக அந்த முகத்தில் சினிமா, தேர்தல், காதுகுத்து, நற்செய்திக் கூட்டம் என்று எல்லாவற்றையும் ஒட்டிப் போயிருந்தார்கள். ஊரில் எது நடந்தாலும் சுவருக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

சுவர் தன்மேல் இருந்த சீட்டை முதலில் வாசித்தது. பிறகு, "மனச தேத்திக்கோ தம்பி," என்றது.

"ஏன் அண்ணாச்சி?"

"காகிதம். மைதாப் பசை. மூஞ்சிக்கு நேரா ஒட்டிருக்கா. எம்மேல 'இருந்தது'ன்னு எழுதிருக்கு. ஒருத்தர் மூஞ்சில காகிதத்த ஒட்டி, 'இருந்தார்'னு எழுதுனா அதுக்கு ஊர்ல ஒரே அர்த்தம்தான். கண்ணீர் அஞ்சலி."

சமையலறையில் அடுப்பு சொன்னது: "நான் எரிஞ்சுக்கிட்டுல்லா இருக்கேன். காலையில கூட உப்புமா கிண்டுனா."

"உனக்கு என்ன எழுதிருக்கு?"

"சமைத்தேன்."

"சமைக்கிறேன்னு எழுதலயே."

கட்டில் ஒரு தடவை கிரீச்சிட்டது. சுவர் தொடர்ந்தது. "போன மாசம் நம்ம தெரு போட்டோ ஸ்டுடியோக்காரர் செத்தப்ப, அவரு படத்த எம்மேல ஒட்டுனாங்க. ஒட்டும்போது இதே பசை, இதே வாசனை. 'பண்பாளராய் வாழ்ந்தார், பாசத்தோடு பழகினார்.' எல்லாம் 'தார்', 'னார்'. நேத்து வரைக்கும் மனுசன் 'றார்'லதான் இருந்தாரு."

அடுத்து கிரைண்டர் பேசியது. கல்லோடு சேர்த்துப் பதினாறு கிலோ. கல்யாணத்துக்கு வந்த சாமான்களில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதன் மோட்டார் புகைந்தபோதெல்லாம் ஆசீர் தன் கையாலேயே காயில் கட்டியிருந்தான். அதனால் தன்னை வீட்டு மனிதர்களில் ஒருவராக அது நினைத்துக்கொண்டிருந்தது.

"என்னையக் கொண்டுபோவா," என்றது கிரைண்டர். "போன வாரம் அவரு கிட்டக் கேட்டா. கிரைண்டரக் கொண்டுபோக முடியுமான்னு கேட்டா. எங்காதால கேட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு."

கட்டிலின்மேல் புதுப் பெட்டி ஒன்று படுத்திருந்தது. நீல நிறம், நாலு சக்கரம், கைப்பிடியில் இன்னும் கடைச்சீட்டு. இந்த வீட்டில் எதனோடும் ஒட்டாமல் இருந்தது. "முப்பது கிலோ," என்றது பெட்டி. "அதுக்குமேல ஒரு கிராம் ஏறுனாலும் விமானத்துல விட மாட்டாங்க. ரெண்டு வருசத்துக்கு உடுப்பு, குளிருக்குக் கம்பளி, சர்டிபிகேட், மல்லிப்பொடி, மிளகாப்பொடி, கருவாடு. கிரைண்டரு, உம்ம மூடிய வேணா வச்சுக்கிறேன்."

சுவரில் ஒட்டியிருந்த சீட்டு தொண்டையைச் செருமியது. சீட்டுகள் பேசிய தமிழ், பாடப்புத்தகத் தமிழ். வந்து சில மணி நேரமே ஆகியிருந்தது.

"மன்னிக்கவும்," என்றது வார். "நாங்கள் இரங்கல் தெரிவிக்க வரவில்லை."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்றது சுவர். "உரியுங்கடே."

அன்று மதியமே வேலை தொடங்கியது. பிரிட்ஜ் கதவு முழுக்க வியர்த்தது. ட்ராங்க் நனைந்து நழுவி விழுந்தது. அடுப்பு எரியும்போது சூட்டை மேல்பக்கமாகத் தள்ளியது. கொக்ட கருகிச் சுருண்டது. கதவு சாத்தும்போதெல்லாம் வேண்டுமென்றே அதிர்ந்தது. கடற்கரை ஊர்ச் சுவருக்கு உப்புப் பூப்பது பிறவிக் குணம். அது ஒரு கை அகலத்துக்கு உப்புப் பூத்து, காரையோடு சேர்த்து வாரை உதிர்த்தது. எஞ்சியவற்றைக் கரப்பான்பூச்சிகளிடம் ஒப்படைத்தார்கள். மைதாப் பசை கரப்பான்களுக்கு விருந்து. கூலி பேசவே தேவை இருக்கவில்லை.

ஜெபக்கனி மாலையில் வந்து பொறுக்கினாள். மறுபடி ஒட்டினாள். மறுநாளும் விழுந்தன.

"பூட்டுன வீட்டுல யாரு கிழிக்கா?" என்றாள்.

"பல்லியா இருக்கும்," என்றான் ஆசீர்.

"பல்லி சுவரக் காரையோட பேத்து எடுக்குமா?"

"நம்ம வீட்டுப் பல்லி ஒங்கூட சேந்து ராத்திரி டூட்டி பாத்த பல்லி. எதையும் செய்யும்."

மார்ச் போயிற்று. ஏப்ரல் போயிற்று. தொட்டுச் சொல்ல வேண்டிய இடத்தில் சீட்டு இல்லை. தரையில் கிடந்ததை எடுத்துப் படித்தால் எது எந்த இடத்துச் சொல் என்று நினைவில்லை. வகுப்பில் கிளாடிஸ் மிஸ் ஒவ்வொருவரையாகக் கேட்டுக்கொண்டே வருவார். ஜெபக்கனியின் முறை வரும்போது அவள் மறுபடியும் சமைக்கிறேன், துவைக்கிறேன் என்றாள். பக்கத்தில் இருந்த சின்னப் பெண்கள் சிரிக்கவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மே இரண்டாம் வாரம் ஒரு நாள், வீடு முழுக்கப் பெருக்கி எடுத்ததில் இருபது சீட்டுகள் தேறின. சில கருகி, சில கரப்பான் அரித்து. குப்பைக்கூடை வரை போனாள். போடவில்லை. கிரைண்டரின் பாத்திரத்துக்குள் எல்லாவற்றையும் கொட்டி மூடியைப் போட்டாள்.

சாப்பிடும்போது ஆசீரிடம் சொன்னாள். "நான் எழுதல. திங்கக்கெழம மிஸ்கிட்டச் சொல்லிருதேன். அந்த எடத்துக்கு வேற புள்ளைய அனுப்பட்டும்."

"யோசிச்சுச் சொல்லு."

"ரெண்டு மாசமா யோசிச்சாச்சு. எனக்கு அந்தக் காலம் வாயில வரல."

ஆசீருக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி அவனுக்குப் பிடிக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கடைக்குப் போனான்.

மறுநாள் பகலில் வீடு கொண்டாடியது. பிரிட்ஜ் உதறாமல் ஓடியது. அடுப்பு தன் பழைய கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தது. "நான் அன்னைக்கே சொன்னேம்லா," என்று சுவர் நாலு தடவை சொன்னது. பெட்டி மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

கிரைண்டர் கொண்டாட்டத்தில் சேரவில்லை. அதன் வயிற்றுக்குள் இருபது சீட்டுகள் முனகிக்கொண்டிருந்தன.

"ஓய் வாரு," என்றது கிரைண்டர் தாழ்ந்த குரலில். "உள்ள எடம் போதுமா?"

"போதும். கல் சற்று உறுத்துகிறது."

"அது கல்லு. உறுத்தத்தான் செய்யும்." கிரைண்டர் கொஞ்சம் தயங்கியது. "கேக்கேன்னு தப்பா நெனைக்காதீரு. நீங்க அஞ்சலிக்கு வரலன்னா எதுக்கு வந்தீரு?"

"எங்களுக்கு ஒரே தொழில்தான்," என்றது வார். "சுமப்பது."

"சுமக்கதா? நீரு ஒரு காகிதம்."

"அந்த நீலப் பெட்டி முப்பது கிலோ என்று சொன்னதே, அன்று உங்களில் யாரெல்லாம் மனதுக்குள் அதில் ஏறிப் பார்த்தீர்கள்?"

எல்லாரும் ஏறிப் பார்த்திருந்தார்கள். கட்டில்கூட.

"யாருக்கும் இடமில்லை," என்றது வார். "அவள் அங்கே போய் இறங்குவாள். அங்கே வேறு அடுப்பு, வேறு கட்டில். ஒருநாள் யாராவது அவளிடம் உன் வீடு எப்படி என்று கேட்பார்கள். அப்போது எங்கள் தோளில் ஏறித்தான் நீங்கள் அவள் வாய்க்குள் போக முடியும். எங்களுக்குச் சுங்கம் கிடையாது, எடை கிடையாது. நாங்கள் இல்லாவிட்டால் அவள் உங்களைப் பற்றிப் பேசவே மாட்டாள். வெயில் அடிக்கிறது, பேருந்து வருகிறது என்று எதிரே இருப்பதைப் பேசிவிட்டுப் போய்விடுவாள்."

"அதுக்கு எங்க மேல 'இருந்தது'ன்னு ஒட்டணுமா? உசிரோட இருக்கும்போதே?"

"வண்டி கிளம்புவதற்கு முன்னால்தான் ஏற வேண்டும்."

கிரைண்டர் அதை மற்றவர்களிடம் சொன்னது. யாரும் நம்பவில்லை. "சீட்டு பேசும். பேச்சு அதோட தொழில்," என்றது சுவர். "எந்தப் போஸ்டராவது சும்மா கெடந்திருக்கா?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலைப் பூசைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்து ஜெபக்கனி கட்டிலில் சாய்ந்திருந்தாள். உளுந்தை ஊறப்போட்டது ஆசீர். அரைப்பதற்கு மூடியைத் திறந்தான். சீட்டுகள் கிடந்தன.

அவன் செய்திருக்கக்கூடியது எளிது. எல்லாவற்றையும் அள்ளி ஒரு பையில் போட்டுவிட்டு உளுந்தைக் கொட்டியிருக்கலாம். திங்கட்கிழமை தானாக வந்திருக்கும். மனைவி வீட்டில் இருந்திருப்பாள். கையில் சீட்டுகளோடு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கிரைண்டர் பாத்திரத்தைக் கழற்றித் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்து, கட்டிலருகே தரையில் வைத்து உட்கார்ந்தான்.

"என்னத்துக்கு அதத் தூக்கிட்டு வாரீங்க?"

"குலுக்கல். நான் ஒண்ணு எடுப்பேன். நீ அதுல ஒரு வார்த்த சொல்லணும்."

"எனக்கு வேண்டாம்."

"பாடமெல்லாம் கேக்கல. நம்ம மொத கிறிஸ்மஸு நடந்ததச் சொல்லு. கிரைண்டரு மக்கர் பண்ணுச்சே, அத."

"அது என்ன கத. ஒங்களுக்குத்தான் தெரியுமே."

"தெரியும். ஜெர்மன்ல தெரியாது."

அவன் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தான். ஹட்ட. வைத்திருந்தேன்.

ஜெபக்கனி எழுந்து உட்கார்ந்தாள். உத்தரத்தைப் பார்த்தாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, நாங்கள் ஒரு கிரைண்டர் வைத்திருந்தோம் என்றாள்.

அடுத்தது வார்.

அது கனமாக இருந்தது.

"எவ்வளவு கனம்?"

"இருங்க. எண்ணு வேற சொல்லணுமா?" யோசித்தாள். அது பதினாறு கிலோவாக இருந்தது. மாவு பாதியாக இருந்தது. வீட்டில் நிறையப் பேர் இருந்தார்கள்.

கிங் வந்தது. என் கணவர் போனார், மோட்டாரோடு கடைக்குப் போனார். "கிறிஸ்மஸுக்குப் போட்ட புதுச் சட்டையோட போனார்னு சொல்லு." "சட்டைக்கு வார்த்த தெரியும். புதுசுக்கும் தெரியும். ரெண்டையும் சேத்தா என்னமோ மாறும்." "மாறட்டும், சொல்லு." சொன்னாள். தப்பாகத்தான் சொன்னாள். நிறுத்தவில்லை.

ஷ்லீஃப் வந்தபோது இருவருமே சிரித்துவிட்டார்கள். விருந்துக்கு வந்திருந்த மாமா தூங்கினார். தோசைக்குக் காத்திருந்து காத்திருந்து, செபமாலையைக் கையில் பிடித்தபடி நாற்காலியிலேயே தூங்கினார். செபமாலைக்குச் சொல் தெரியாமல் கையால் மணியை உருட்டிக் காட்டினாள். பிறகு மால்ட. இரவு பத்து மணிக்கு கிரைண்டர் அரைத்தது. நாங்கள் தோசை சாப்பிட்டோம். மாமாவுக்குத் தோசை இல்லை. மறுநாள் அவர் கோபமாக இருந்தார்.

"அம்புட்டுத்தான்," என்றாள். "முடிஞ்சுது."

"எத்தன தடவ சமைக்கிறேன், துவைக்கிறேன் வந்துச்சு?"

அவள் யோசித்தாள். ஒரு தடவைகூட வரவில்லை.

ஆசீர் சீட்டுகளைப் பாத்திரத்தில் போட்டுக் குலுக்கினான். "எம்பேருல சீட்டு இல்லலா உள்ள?"

"ஒங்களுக்கு எதுக்கு?"

"கேட்டேன்."

"இல்ல," என்றாள். "சொன்னேம்லா. நீங்க வருங்காலம்."

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு வீடு பூட்டியிருந்தது. கிரைண்டர்தான் தொடங்கியது.

"நான் அங்க இருந்தேன்," என்றது. "கேட்டியளா? அவ பேசுன பாசையில ஒரு எழுத்து எனக்கு வெளங்கல. ஆனா அது நான்தான். அந்தக் கனம் நான்தான். நின்னுபோனது நான், அரைச்சது நான்."

"எனக்கும் கேட்டுச்சு," என்றது அடுப்பு. "நடுவுல தோசைன்னு ஒரு சொல்லு வந்துச்சே. எதுல சுட்டாங்களாம்?"

"நான் அந்த ராத்திரி அவங்க மாமாவத் தாங்குனேன்," என்றது நாற்காலி. அதுவரை அது பேசி யாரும் கேட்டதில்லை.

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். சுவர் தன் வெளிமுகத்தின் பக்கமாகப் பார்ப்பதுபோல் இருந்துவிட்டுச் சொன்னது: "அஞ்சலிப் போஸ்டர்ல ஒண்ணு கவனிச்சிருக்கேன். ஒட்டிட்டுப் போறவன் போயிருவான். சைக்கிள்ல வாரவன், நடந்து போறவன் நின்னு வாசிப்பான். 'பாசத்தோடு பழகினார்'னு வாசிச்சுட்டு, ஆமா, பழகுனாருன்னு சொல்லிட்டுப் போவான். அந்த ஒரு நிமிசம் ஆளு அங்கதான் நிப்பாரு." காரைத் தூள் கொஞ்சம் உதிர்ந்தது. "நான் பசையத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

அந்த வாரம் சீட்டுகள் மறுபடி ஒட்டப்பட்டன. விழவில்லை. பிரிட்ஜ் வியர்வையை முதுகுப்பக்கமாக விட்டது. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. சுவர் உப்பை அடக்கிப் பிடித்தது. சுவருக்கு அது வலிக்கிற வேலை. கரப்பான்கள் மட்டும் தகராறு செய்தன. பரோட்டா போடுகிற அன்று மைதாத் தூள் விழும் என்று அடுப்பு வாக்குக் கொடுத்த பிறகே விலகின.

மே 27 தேர்வு. வீட்டில் உள்ள ஒரு பொருளைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். ஜெபக்கனி தேறினாள்.

மீதி வகுப்புகள் முடிய அந்த வருடம் போயிற்று. 2024 ஜனவரியில் பெட்டி நிரம்பியது. உடுப்பு, கம்பளி, சர்டிபிகேட், மல்லிப்பொடி, கருவாடு. கிரைண்டரின் மூடியைக்கூட வைக்கவில்லை. ஆசீர் கடையிலிருந்து தராசு கொண்டுவந்து எடை பார்த்தான். முப்பதுக்குள் நின்றது.

"சரியா இருக்கா?" என்று கிரைண்டர் பெட்டியிடம் கேட்டது.

"தராசுல சரியாத்தான் இருக்கு," என்றது பெட்டி. அது அந்த வீட்டில் பத்து மாதம் இருந்துவிட்டது. பேச்சில் பழைய மிடுக்கு இல்லை. "தூக்கும்போது பாக்கணும்."

அவள் போன பிறகு ஆசீர் வீட்டைக் காலி செய்து கடைக்கு மேலே இருந்த அறைக்கு மாறினான். அடுப்பு முத்தையாபுரத்தில் ஒரு டீக்கடைக்குப் போயிற்று. பிரிட்ஜும் நாற்காலியும் அவன் தங்கை வீட்டுக்கு. கட்டிலைப் பிரித்து ஏற்றிப் போனார்கள். கிரைண்டரைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். அவன் கொடுக்கவில்லை. தங்கையிடம், வைத்துக்கொள், பிறகு பார்க்கலாம் என்றான். புதுக் குடித்தனம் வருவதற்குள் வீட்டுக்காரர் சுவருக்கு வெள்ளை அடித்தார். அடிக்கிறவர் வார் சீட்டைச் சுரண்டவில்லை. அப்படியே அதன்மேல் அடித்துவிட்டார்.

ஜெபக்கனி வேலைக்குச் சேர்ந்த முதியோர் இல்லம் ஜெர்மனியின் காஸல் நகரத்தில் இருந்தது. முதல் வருடம் அவளிடம் யாரும் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. மாத்திரை, காலுறை, குளியல், சூப்பு. எல்லாம் எதிரே இருப்பது, எல்லாம் இப்போது செய்வது.

2025 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி. வெளியே பனி. ஹில்ட்ரூட் என்கிற எண்பத்தாறு வயது அம்மாள் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "உங்கள் வீட்டில் என்னவெல்லாம் இருந்தது?" என்று கேட்டாள். பொழுது போகாமல் கேட்டதுதான்.

ஜெபக்கனி உட்கார்ந்தாள். எங்களிடம் ஒரு கிரைண்டர் இருந்தது என்றாள். அது கனமாக இருந்தது.

கிரைண்டர் என்றால் என்ன என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. ஜெபக்கனி கோப்பைக்குள் கரண்டியைச் சுற்றிக் காட்டினாள். புதுச் சட்டை போட்ட கணவன் மோட்டாரோடு கடைக்குப் போனான். விருந்தாளிகள் இருந்தார்கள். நாற்காலியில் மாமா தூங்கினார். இரவு பத்து மணிக்கு அது அரைத்தது.

"மாமாவுக்குக் கிடைத்ததா?" என்று ஹில்ட்ரூட் கேட்டாள்.

"இல்லை. மறுநாள் கோபமாக இருந்தார்."

அம்மாள் சிரித்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் ஓர் அடுப்பு இருந்தது என்றாள். உயரமான அடுப்பு. பச்சை ஓடுகள் பதித்தது. குளிர்காலத்தில் பூனை அதன்மேல் தூங்கியது. போரின் கடைசிக் குளிர்காலத்தில் நாங்கள் அங்கிருந்து வந்துவிட்டோம். எனக்கு ஆறு வயது. என் அம்மாவிடம் ஒரு பெட்டி இருந்தது.

அடுப்பு என்ன ஆனது என்று ஜெபக்கனி கேட்கவில்லை. அந்த மேசையில் பச்சை அடுப்பு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. எண்பது வருடமாக வாரின் தோளிலேயே இருந்திருக்கிறது. பக்கத்தில் கிரைண்டர் வந்து உட்கார்ந்ததும் அது சற்று நகர்ந்து இடம் கொடுத்தது.

"உங்கள் கணவரும் வீட்டில் இருந்தாரா?" என்றாள் ஹில்ட்ரூட்.

"அவர் வருவார்," என்றாள் ஜெபக்கனி.

2025 ஏப்ரல் 19, சனிக்கிழமை, ஈஸ்டருக்கு முந்தின நாள், ஆசீர் ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் இறங்கினான். கிரைண்டரைக் கொண்டுவரவில்லை.